திருமலை நாயக்கரின் தீராத சளி: மதுரையை மாற்றிய ஒரு மூக்கு நோயின் கதை

மதுரைக்காரர்களுக்கே சட்டென்று உறைக்காத விஷயம் இது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி அம்மன் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில். திருவிழா சித்திரை, தெரு மாசி. ஏன் இப்படி என்று கேட்டால், மாசியில் நடந்துவந்த பெருவிழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர். விழா மாறியது, தெருப்பெயர் மாறவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தத் திருமலை நாயக்கர் மதுரைக்கு ஏன் வந்தார் என்பது அடுத்த கேள்வி. அவர் பதவிக்கு வந்தபோது நாயக்கர்களின் தலைநகரம் திருச்சி. அதை மதுரைக்கு மாற்றவைத்தது ஒரு சளி என்கின்றன பழைய சுவடிக் கதைகள். நாலு நாளில் போகிற சளி இல்லை. நெடுநாள் விடாத மண்டைச்சளி. இன்று ஆபீஸில் பாதிப் பேர் எனக்கு சைனஸ் இருக்கு என்கிறார்களே, ஏறக்குறைய அது. (சைனஸ் எல்லோருக்கும் இருக்கும். முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர் அது. அது வீங்கி அடைத்துக்கொள்வதுதான் நோய்.)

திருச்சியில் தொடங்கிய தொல்லை

திருமலை நாயக்கர் பிறந்தது 1584 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தந்தை முத்து கிருஷ்ணப்ப நாயக்கர். அண்ணன் முத்து வீரப்ப நாயக்கர்தான் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனவர். அண்ணன் இறந்ததும் 1623-ல் தம்பி ஆட்சிக்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. கூடவே மூக்கில் இந்த நோய்.

அரண்மனை வைத்தியர்கள் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? சித்த மருத்துவத்தில் இதற்குப் பீனிசம் என்று தனிப்பெயரே இருக்கிறது. நொச்சி போட்டு ஆவி பிடிப்பது, சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது எல்லாம் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானவை. ஆனால் ராஜாவுக்கு எதுவும் கேட்கவில்லை என்கிறது கதை.

திருச்சியிலிருந்து மதுரை நோக்கிப் போகும் வழியில், திண்டுக்கல்லில் தங்கியபோது நோய் முற்றியது. அன்றிரவு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கனவில் வந்தார்களாம். மதுரையிலேயே தங்கி ஆட்சி செய்தால் நோய் தீரும் என்றார்களாம். விழித்தவர் அஞ்சு லட்சம் பொன் கோயில் திருப்பணிக்குச் செலவிடுவதாக நேர்ந்துகொண்டார். காலையில் பல் துலக்கும்போதே நோய் விட்டுப் போனது என்று கதை முடிகிறது.

இந்தச் சுவடிகளைத் திரட்டி 1835-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் வில்லியம் டெய்லர். 1868-ல் மதுரை நாட்டின் வரலாற்றை எழுதிய ஜே.எச். நெல்சன், 1924-ல் நாயக்கர் வரலாற்றை எழுதிய சத்தியநாத ஐயர் என்று பின்னால் வந்தவர்களும் இந்தக் கதையை விடாமல் எடுத்துச் சொன்னார்கள். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ராஜாக்களுக்குக் குஷ்டம், பிரம்மஹத்தி என்று பெரிய பெரிய வியாதியைக் கொடுத்துத் தீர்த்துவைப்பதுதான் தலபுராணங்களின் வழக்கம். இங்கே வெறும் சளி. இப்படி ஒரு சில்லறை வியாதியை யாரும் கற்பனையாகச் சேர்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

தலையிலிருந்து இறங்கும் நீர்

19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் இந்த நோயை கட்டார் என்று எழுதினார்கள். கிரேக்க மூலத்தில் அதற்குக் கீழே வடிவது என்று பொருள். எங்கிருந்து வடிகிறது? மூளையிலிருந்து. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். மூளையில் சேரும் கழிவுநீர், மண்டையோட்டின் அடியில் இருக்கும் சல்லடை எலும்பு வழியாக மூக்குக்குள் இறங்குகிறது என்பது இரண்டாயிரம் ஆண்டுக் கொள்கை. நம்மூரிலும் தலையில நீர் கோத்துக்கிச்சு என்று பாட்டிகள் சொல்வதும், மண்டைச்சளி என்ற பெயரும் ஏறக்குறைய அதே எண்ணத்தின் மிச்சம்தான்.

இதில் ஒரு ஆச்சரியமான பொருத்தம் இருக்கிறது. அந்தக் கொள்கை உடைந்தது திருமலை நாயக்கர் வாழ்ந்த காலத்தை ஒட்டித்தான். 1651-ல், அதாவது மதுரை மகால் கட்டப்பட்டுப் பதினைந்து வருடம் கழித்து, இங்கிலாந்து மருத்துவர் நதானியேல் ஹைமோர் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் பெரிய சைனஸை விரிவாக விவரித்தார். மேல்கடைவாய்ப் பல்லின் வேருக்கும் அந்த அறைக்கும் நடுவில் எலும்பு மிக மெல்லியது என்பதையும் சொன்னார். அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்குப் பல் பிடுங்கிய இடத்திலிருந்து நீர் ஓயாமல் வடிந்தது. அந்தத் துளை நேராக சைனஸுக்குள் போனது. சொத்தைப்பல்லால் சைனஸில் சீழ் பிடிப்பதை இன்றைக்கும் டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல்லையும் பார்க்கச் சொல்வது அதனால்தான். பல் துலக்கும்போது ராஜாவின் நோய் போனதாகச் சொல்லும் கதையை இதோடு சேர்த்துப் படிக்கும்போது லேசாகச் சிரிப்பு வரும்.

1660-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரப் பேராசிரியர் கான்ராட் ஷ்னைடர் சளியைப் பற்றி ஒரு மாபெரும் நூலை வெளியிடத் தொடங்கினார். சல்லடை எலும்பு வழியே மூளையிலிருந்து எதுவும் ஒழுகுவதில்லை, சளியைச் சுரப்பது மூக்கின் உட்சவ்வுதான் என்று அதில் நிறுவினார். திருமலை நாயக்கர் அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். அவருடைய மூக்கில் என்ன நடந்தது என்பதற்கான முதல் சரியான விளக்கம் ஒரு வருடம் தாமதமாக, வேறொரு கண்டத்தில் வந்தது.

ராஜாவுக்கு என்ன வந்திருக்கும்?

400 வருடம் கழித்து நோயறிவது ஆபத்தான விளையாட்டு. ஆனாலும் இன்று ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இப்படி ஒருவர் வந்தால், சந்தேகப் பட்டியல் பெரிதாக இருக்காது.

முதலில் ஒவ்வாமை மூக்கழற்சி. அடுக்குத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு. தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை போன்ற, பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாத பொருளை உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்வதால் வருவது. இந்த நோயையும் மருத்துவ உலகம் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819-ல் தன் சொந்த மூக்கின் அவதியையே ஒரு கட்டுரையாக எழுதினார். மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி, மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே தடவிப் பார்த்து, குற்றவாளி அதுதான் என்று 1873-ல் நிரூபித்தார். அலர்ஜி என்ற சொல்லே 1906-ல்தான் பிறந்தது.

அடுத்தது நாள்பட்ட சைனஸ் அழற்சி. மூக்கடைப்பு, கெட்டியான சளி, முகத்தில் கனம், வாசனை தெரியாமல் போவது. இவை 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்கிறார்கள். உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். மூக்கின் நடுத்தண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தால் அடைப்பு இன்னும் கூடும். நெடுநாள் தீராத மண்டைச்சளி என்ற வர்ணனைக்கு இதுதான் நெருக்கமாகத் தெரிகிறது.

சைனஸின் வாசல் மிகச் சிறியது. உள்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் சளியை அந்த வாசலை நோக்கியே தள்ளிக்கொண்டிருக்கும். பழைய காலத்து அறுவை மருத்துவர்கள் சளி தானாகக் கீழே வடியட்டும் என்று மேலுதட்டுக்கு அடியில் எலும்பை வெட்டிப் புதுத் துளை போட்டார்கள். அது பலருக்குப் பலன் தரவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெசர்க்லிங்கர் உள்நோக்கியை வைத்து வருடக்கணக்கில் பார்த்து, காரணத்தைச் சொன்னார். கீழே எவ்வளவு பெரிய துளை போட்டாலும் சளி அதைத் தாண்டி, மேலே இருக்கும் பழைய வாசலுக்குத்தான் போகும். ஆகவே அந்த இயற்கை வாசலைத் திறந்துவிட்டால் போதும். 1980-களிலிருந்து உலகமெங்கும் பரவிய எண்டோஸ்கோப் சைனஸ் ஆபரேஷனின் அடிப்படை இதுதான். முகத்தில் தழும்பு இல்லாமல் மூக்குத் துவாரம் வழியாகவே முடிந்துவிடும். மதுரையில் இன்று இது சாதாரணமாக நடக்கிற ஆபரேஷன். ராஜாவுக்குத் திண்டுக்கல்லில் கிடைக்காதது.

ஊர் மாறினால் சரியாகுமா?

வேலைக்காக பெங்களூர் போனவர்கள் அங்கே போனதிலிருந்து தும்மல் என்பார்கள். லீவுக்கு ஊருக்கு வந்தால் சரியாகிவிடுகிறது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் ஓர் ஊரில் அதிகம், இன்னோர் ஊரில் குறைவு என்றால் நோயும் ஏறி இறங்கும். தூசிப்பூச்சி காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கிறது. வறண்ட இடத்தில் அதற்குக் கஷ்டம்.

ஆனால் திருச்சியும் மதுரையும் சுமார் 135 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு வெயில் ஊர்கள். ஒன்றுக்குக் காவிரி, ஒன்றுக்கு வைகை. தட்பவெப்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அங்கே அடைத்த மூக்கு இங்கே திறந்தது என்றால், ஈரமான ஒரு பழைய கட்டடத்தைவிட்டு வெளியேறியது காரணமாக இருந்திருக்கலாம். வந்து வந்து போகும் நோயில் வழக்கமாக வரும் நல்ல காலமாகவும் இருந்திருக்கலாம். மேலும், அவர் வந்த மதுரைச் சமவெளி இன்றைய மதுரைச் சமவெளி அல்ல. இன்று கண்மாயெல்லாம் நிறைந்திருக்கும் சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் வந்தது. பார்த்தீனியம் அதற்கும் பின்னால், 1950-களில் பரவியது. இரண்டின் மகரந்தமும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. ராஜாவின் மூக்குக்கு அந்தச் சோதனை இல்லை.

இன்றைக்கு மதுரையில் மூக்கடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஊர் மாற்றமோ கனவோ தேவையில்லை. உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சொன்ன நாள்வரை விடாமல் அடிப்பதும் பெரும்பாலானோருக்குப் போதும். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி ஊற்றும், உடனே மூக்கைத் திறக்கும் சொட்டுமருந்துதான் வம்பு. அதை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இல்லாமல் மூக்கு திறக்காத நிலை வந்துவிடும்.

அஞ்சு லட்சம் பொன்

நேர்த்திக்கடனுக்கு வருவோம். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம் அவர் கட்டியது. அதன் தூணில் நாயக்க மன்னர்கள் வரிசையாக நிற்கிறார்கள். திருமலை நாயக்கர் தொந்தியும் தொப்பையுமாக, தேவியரோடு கைகூப்பி நிற்பார். அதற்குக் கிழக்கே, முடியாமல் நின்றுபோன ராயகோபுரம். அதன் அடித்தளத்தைப் பார்த்தாலே, முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று தலை சுற்றும். 1636-ல் மகால். 1645-ல் வண்டியூர் தெப்பக்குளம், சுமார் 16 ஏக்கர். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் குளமானது என்றும், அங்கே கிடைத்தவர்தான் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை திருவிழா. தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை மதுரை வைகைக்கு வரவைத்து, மீனாட்சி கல்யாணத்தோடு ஒரே வாரத்தில் சேர்த்தார். சைவம், வைணவம், நகரம், கிராமம் எல்லாம் ஒரே ஆற்று மணலில் நின்றன.

இதெல்லாம் ஒரு சளிக்கான நன்றி மட்டும்தானா என்றால், இல்லை. ஆட்சியின் தொடக்கத்திலேயே மைசூர்ப் படை திண்டுக்கல் வரை வந்துவிட்டது. தளவாய் ராமப்பய்யன் விரட்டியடித்தார். திருச்சி எல்லைக்கு ரொம்ப அருகில் இருந்தது. மதுரையோ பாண்டியர் பெயர் ஒட்டியிருக்கும் ஊர், நல்ல கோட்டையும் உண்டு. தலைநகரை மாற்ற அரசியல் காரணம் தாராளமாக இருந்தது. தெலுங்கு பேசும் ஒரு மன்னர் மீனாட்சியே அழைத்ததால் வந்தேன் என்று சொல்லும்போது, அந்தக் கதைக்கு ஊரில் கிடைக்கும் மரியாதையே தனி.

கோயில் கட்டிய புகழில் மறந்துபோகும் பக்கமும் உண்டு. விஜயநகரப் பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கருக்கு எதிராக கோல்கொண்டா சுல்தானை உள்ளே இழுத்துவிட்டவர்களில் இவருக்கு முக்கிய இடம். கடைசியில் அந்தப் படைகளுக்கே மதுரை கப்பம் கட்டியது.

மூக்கறுப்புப் போர்

மூக்கில் தொடங்கிய ஆட்சி மூக்கிலேயே போய் முடிந்தது. 1656-ஐ ஒட்டி, மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையாரின் படை சத்தியமங்கலம் வழியாகச் சமவெளிக்குள் இறங்கியது. ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்தார்கள். அறுத்த மூக்குகளைச் சாக்கில் கட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அன்று தமிழகத்தில் இருந்த ஏசு சபைப் பாதிரியார் புரோயென்சா இதைக் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். கொல்வதைவிடக் கொடுமையான யோசனை அது. அறுபட்டவர் உயிரோடு இருந்து, தினமும் தெருவில் நடந்து, தோல்வியை ஊருக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

எழுபதைத் தாண்டிய திருமலை நாயக்கர் அப்போது நோயில் படுத்திருந்தார். எதிரிப்படை மதுரைக்கே வந்துவிட்டது. அரசி, ராமநாதபுரம் ரகுநாத சேதுபதிக்கு ஆளனுப்பினார் என்றும், தாலிக்கு வேலி என்ற பட்டம் சேதுபதிக்கு அதனால்தான் கிடைத்தது என்றும் சேதுநாட்டில் சொல்வார்கள். ஒருகாலத்தில் ராமப்பய்யன் படையெடுத்து அடக்கிய சேதுநாடுதான் அன்று மறவர் படையோடு வந்து மதுரையைக் காத்தது. மன்னரின் தம்பி குமாரமுத்து எதிரியைத் துரத்திக்கொண்டு மைசூருக்குள்ளேயே போனார். போன இடத்தில் அவருடைய ஆட்களும் அதே வேலையைச் செய்தார்கள். மூக்குக்கு மூக்கு. அதனால்தான் இது மூக்கறுப்புப் போர்.

மூக்கை அறுப்பது இந்த மண்ணில் பழைய தண்டனை. அதனாலேயே அதைச் சரிசெய்யும் வித்தையும் பழையது. சுசுருதர் பெயரில் உள்ள நூலில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறை இருக்கிறது. இந்தப் போர் நடந்த அதே 1656-ல் இந்தியா வந்து, பிற்காலத்தில் சென்னையில் குடியேறிய இத்தாலியர் மனுச்சி, பீஜப்பூர்ப் பக்கத்து வைத்தியர்கள் நெற்றித் தோலைக் கீழே இறக்கி மூக்கு செய்வதை எழுதியிருக்கிறார். பிறகு 1792-ல் நடந்த இன்னொரு மைசூர்ப் போரில், ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜியின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்தார்கள். புனேயில் ஒரு நாட்டு வைத்தியர் மெழுகில் மூக்கின் அளவை எடுத்து, அதை நெற்றியில் விரித்து வரைந்து, தோலை உரித்தார். புருவங்களுக்கு நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டு, திருப்பிக் கீழே பொருத்தினார். அந்த ஒட்டு வழியாக ரத்தம் ஓடியதால் புது மூக்கு பிழைத்தது. 1794-ல் லண்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ சவங்களில் பழகி, 1814-ல் லண்டனில் அதே ஆபரேஷனைச் செய்தார். விபத்திலோ புற்றுநோயிலோ மூக்கை இழந்தவர்களுக்கு இன்றும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் நெற்றித் தோலைத்தான் எடுக்கிறார்கள்.

குமாரமுத்து மைசூர்மீது எதிர்ப்படையெடுத்துப் போன காலத்தை ஒட்டி, 1659-ல் திருமலை நாயக்கர் காலமானார். அவருடைய சாவைப் பற்றி மதுரையில் விதவிதமான கதைகள் உண்டு. நிலவறையில் அடைத்துக் கொன்றார்கள் என்பது வரை போகும். எதற்கும் உறுதியான சான்று கிடையாது. மகன் சில மாதங்களே ஆண்டார். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மறுபடியும் திருச்சிக்கே கொண்டுபோனார். போகும்போது தாத்தாவின் மகாலைப் பெரும்பகுதி இடித்து, மரத்தையும் கல்லையும் வண்டியில் ஏற்றிச் சென்றார். மிச்சம் இருந்ததை 1866-க்கும் 1872-க்கும் நடுவில் சென்னை கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். இன்று டிக்கெட் வாங்கி நாம் பார்ப்பது, அன்று இருந்த மகாலில் ஏறக்குறைய கால்வாசி.